மைசூர்ச் சாலையில் கரியும் ஹைட்ரஜனும்

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையில், தட்டு இட்லிக்குப் பெயர்போன பிடதியில்தான் டொயோட்டா கிர்லோஸ்கர் கார் ஆலை இருக்கிறது. அந்த நிறுவனம் 2022 மார்ச் மாதம் டெல்லியில் 'மிராய்' என்ற ஹைட்ரஜன் காரை அறிமுகம் செய்தது. இந்தியச் சாலைகளுக்கும் நம் வெயிலுக்கும் அது தாங்குமா என்று பார்க்கும் சோதனைத் திட்டம் அது. மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அந்தக் காரிலேயே நாடாளுமன்றத்துக்கு வந்து இறங்கினார்.

அந்தக் காரின் வயிற்றில் மூன்று கலங்கள் இருக்கின்றன. மூன்றிலும் சேர்த்து ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று மேலான ஹைட்ரஜன், வளிமண்டலத்தைப்போல 700 மடங்கு அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. கலத்தை அறுத்துப் பார்த்தால் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் உறை தெரியும். அதைச் சுற்றிப் பிசினில் தோய்த்த கார்பன் இழை, விரல் மொத்தத்துக்கு அடுக்கடுக்காகச் சுற்றப்பட்டிருக்கும். அவ்வளவு அழுத்தத்தையும் தாங்கிப் பிடிப்பது இந்த இழைதான்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஹைட்ரஜன் காருக்கு வரைந்த படங்களிலும் கார்பன் இருந்தது. ஆனால் அது சுவராக இல்லை. கலத்துக்குள் நிரப்பிய கரும்பொடியாக இருந்தது. ஹைட்ரஜனை இப்படி வதைத்து அழுத்த வேண்டியதில்லை, அந்தப் பொடியே அதை இழுத்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும், வேண்டும்போது விட்டுவிடும் என்று பெரிய ஆய்வுக்கூடங்கள் நம்பின. அந்தப் பொடிதான் கார்பன் நானோகுழாய். அன்று உள்ளே இருக்கவேண்டிய கார்பன் இன்று வெளியே வந்து சுவராக நிற்கிறது. இந்த இடமாற்றத்தில் மைசூர் நாட்டுக்கும் சென்னைக்கும் பங்கு இருக்கிறது. அதைத் தமிழில் விரிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஹைட்ரஜனில் என்னதான் சிக்கல்? எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோலைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றல் அதில் இருக்கிறது. எரிந்தாலும், எரிபொருள் கலத்தில் மின்சாரமாக மாறினாலும், மிஞ்சுவது தண்ணீர். ஒரு கிலோ இருந்தால் ஒரு கார் நூறு கிலோமீட்டர் போய்விடும். ஆனால் அந்த ஒரு கிலோவைச் சாதாரண அழுத்தத்தில், சாதாரண வெப்பத்தில் வைக்க ஏறத்தாழ 12,000 லிட்டர் இடம் வேண்டும். கோடையில் நம் தெருவுக்கு வருமே பெரிய தண்ணீர் லாரி, அது முழுவதும் வேண்டும். ஹைட்ரஜனின் துயரம் முழுக்க இந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது.

திரவமாக்கலாம். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ அதைத்தான் செய்கிறது. சுழியத்துக்குக் கீழே 253 டிகிரி வரை குளிரவைத்தால் ஹைட்ரஜன் திரவமாகும். ஆனால் ஹைட்ரஜனில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவை அந்தக் குளிரூட்டலே தின்றுவிடும். கிளம்பினால் நிமிடங்களில் எரித்துத் தீர்க்கும் ராக்கெட்டுக்கு அது சரி. வீட்டு வாசலில் ஒரு வாரம் நிற்கும் காரில் அது ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும்.

உலோகத்தில் ஏற்றிவைக்கலாம். சில கலப்புலோகங்கள் ஹைட்ரஜனைத் தம் அணுக்களின் இடுக்குகளில் வாங்கிக்கொள்ளும். சென்னை ஐஐடியில் எம்.வி.சி. சாஸ்திரி இந்தத் துறைக்கு வித்திட்டவர்களில் ஒருவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஓ.என். ஸ்ரீவாஸ்தவா இந்த உலோக ஹைட்ரைடுகளை வைத்து மோட்டார் சைக்கிளையே ஓட்டிக் காட்டினார். குறை எடைதான். லாந்தனம்–நிக்கல் கலப்பு தன் எடையில் ஏறத்தாழ 1.4 சதவீத ஹைட்ரஜனையே வைத்துக்கொள்கிறது. ஐந்து கிலோ ஹைட்ரஜனுக்காக 350 கிலோ உலோகத்தைக் கார் சுமக்க வேண்டும். ஆகவே எல்லோரும் தேடியது லேசான ஒரு பொருளை. கார்பனைவிட லேசாக, மலிவாக, எங்கும் கிடைப்பதாக வேறு எது இருக்கிறது?

1991-இல் ஜப்பானின் ஸுகுபாவில், என்இசி ஆய்வகத்தில் சுமியோ இஜிமா மின்னணு நுண்ணோக்கியின் கீழ் ஊசிபோன்ற கார்பன் இழைகளைக் கண்டார். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள். இரண்டு ஆண்டுகளில் ஒற்றைச் சுவர்க் குழாயும் கிடைத்துவிட்டது. பென்சில் கரியான கிராஃபைட்டில் ஓர் அணுத் தடிமனுள்ள தாளை மட்டும் உரித்தெடுத்து, சுருட்டி, ஓரங்களை இணைத்தால் என்ன கிடைக்குமோ அதுதான் இது. விட்டம் ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. விறைப்பில் எஃகைப்போல ஐந்து மடங்கு. அதன் குணங்களில் எனக்கு இன்றும் வியப்பூட்டுவது ஒன்று உண்டு: அதே தாளை எந்தக் கோணத்தில் சுருட்டுகிறோம் என்பதைப் பொறுத்து, சில குழாய்கள் உலோகம்போல மின்சாரம் கடத்தும், சில குறைக்கடத்தியாக இருக்கும். கணக்குப்படி மூன்றில் ஒன்று உலோகம், மற்ற இரண்டும் குறைக்கடத்தி. பொருள் ஒன்றேதான், சுருட்டிய கோணம் மட்டுமே குணத்தை மாற்றுகிறது.

உள்ளே வெற்றிடம், சுற்றிலும் கார்பன், எடை மிகக் குறைவு. ஹைட்ரஜன் ஆய்வாளர்களின் கண் அதில் விழுந்ததில் வியப்பில்லை.

1997-இல் அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆன் டில்லன், மைக்கேல் ஹெபன் குழுவினர் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒற்றைச் சுவர் நானோகுழாய்கள் தம் எடையில் 5 முதல் 10 சதவீதம் ஹைட்ரஜனை வைத்துக்கொள்ளும் என்றது அது. அமெரிக்க எரிசக்தித் துறை கார்களுக்கு வைத்திருந்த இலக்கு 6.5 சதவீதம். கேட்டதும் கிடைத்ததும் அப்படியே பொருந்தின. ஆனால் கட்டுரையை ஊன்றிப் படிப்பவர்களுக்கு இன்னொன்று தெரியும். அவர்கள் கையில் இருந்த கரிப்புழுதியில் நானோகுழாயின் பங்கு ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோதான். அந்தப் புழுதி முழுவதும் பிடித்த ஹைட்ரஜன் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதைப் பிடித்தது நானோகுழாய் மட்டுமே என்று கொண்டு வகுத்துப் பார்த்ததில் வந்தது 5 முதல் 10 சதவீதம். அவர்கள் இதை மறைக்கவில்லை, கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள். ஆனால் படித்தவர்கள் நினைவில் வைத்துக்கொண்டது கடைசி எண்ணை மட்டும்.

பிறகு எண்கள் ஏறத் தொடங்கின. 1998-இல் அமெரிக்காவிலேயே இன்னொரு குழு, கிராஃபைட் நானோ இழைகள் 67 சதவீதம்வரை வைத்துக்கொள்கின்றன என்றது. அதாவது ஒரு கிலோ கார்பனுக்குள் இரண்டு கிலோ ஹைட்ரஜன்! 1999-இல் சிங்கப்பூர்க் குழு, லித்தியம் ஏற்றிய நானோகுழாயில் 20 சதவீதமும், பொட்டாசியம் ஏற்றியதில் 14 சதவீதமும் என்று 'சயின்ஸ்' இதழில் எழுதியது. அந்த ஆண்டுகளில் ஹைட்ரஜன் பற்றிப் பேசிய பல மாநாடுகளில் நானோகுழாய்க்குத் தனி அமர்வு இருந்தது.

இந்தியாவில் இந்தக் கதையின் நடுவில் நிற்பவர் வேதியியலாளர் சி.என்.ஆர். ராவ். 1951-இல் அவர் பி.எஸ்சி. முடித்தது பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில்; பட்டம் வழங்கியது மைசூர்ப் பல்கலைக்கழகம். பெங்களூருக்குத் தனிப் பல்கலைக்கழகம் வந்தது 1964-இல்தான். அதுவரை 1916-இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தொடங்கிய மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் குடைக்குள்தான் பெங்களூரும் இருந்தது. அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய பிறகு, 1961-இல் டி.எஸ்சி. பட்டத்தையும் மைசூரே அவருக்கு அளித்தது. 1989-இல் பெங்களூர் ஜக்கூரில் உருவான ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம் அவர் கையால் எழுந்தது. 1990-களில் அவருடைய குழு நானோகுழாய் செய்யத் தொடங்கியபோது, குழாய்க்கு வெளிநாட்டை எதிர்பார்க்கவில்லை. ஒற்றைச் சுவர்க் குழாய் அன்று கிராம் விலையில் தங்கத்தைவிடப் பல மடங்கு அதிகம். அவர்கள் தாங்களே வளர்த்தார்கள்.

வளர்த்த முறை அழகானது. ஃபெரோசீன் என்றொரு சேர்மம்: ஓர் இரும்பு அணு, அதன் மேலும் கீழும் இரண்டு கார்பன் வளையங்கள். அதை ஆவியாக்கி, அசிட்டிலீன் போன்ற வாயுவோடு கலந்து, செந்தழலாய்ச் சூடான குழாய் உலைக்குள் அனுப்பினால், இரும்பு பிரிந்து நானோ அளவுத் துகளாகத் திரளும். வாயுவிலிருந்து வரும் கார்பனை அந்தத் துகள் உண்டு, மறுபக்கம் குழாயாக வெளித்தள்ளும். ஓர் இரும்புத் துகள், அதிலிருந்து முளைக்கும் ஒரு கரிக்குழாய். இப்படிக் கோடிக்கணக்கில் நெருக்கமாக, வயலில் நாற்றுப் போல் நிமிர்ந்து நிற்கும் குழாய்க் கற்றைகள் கிடைத்தன. இரும்பும் கரியும் நெருப்பில் சேரும் இந்தக் காட்சியை நினைவில் வையுங்கள்.

2003-இல் ராவ், கோவிந்தராஜ் குழுவும், அன்று சென்னை ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையில் எரிபொருள் கல ஆய்வு செய்துகொண்டிருந்த கே.எஸ். தாத்தாத்ரேயன், என். ராஜலட்சுமி ஆகியோரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெங்களூரில் வளர்த்த குழாய்களையும் சென்னையின் ஹைட்ரஜன் அனுபவத்தையும் இணைத்த வேலை அது. பல வகை நானோகுழாய்களை ஒரே முறையில், கவனமாக அளந்தார்கள். நெருக்கமாக நிமிர்ந்து நின்ற குழாய்களில், அறை வெப்பத்தில், நூற்று நாற்பது மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் கிடைத்த உச்ச அளவு 3.75 சதவீதம். 67 இல்லை, 20 இல்லை, பத்துகூட இல்லை. பரபரப்பின் உச்சத்தில் இந்த அளவு நிதானமான எண்ணை வெளியிடுவதற்குத் தனி மனத்திடம் வேண்டும். அந்தக் காலத்து இந்திய ஆய்வுகளில் நான் மிகவும் மதிக்கும் கட்டுரைகளில் இது ஒன்று. இந்த 3.75-கூட மிகுதி என்று பின்னால் வந்த அளவீடுகள் காட்டின. இன்று தூய நானோகுழாய்க்கு அறை வெப்பத்தில் ஒரு சதவீதத்துக்குக் கீழே என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. சென்னை ஐஐடியில் ராமபிரபு குழு கலப்புலோக ஹைட்ரைடுகளையே வினையூக்கியாக்கிக் குழாய் வளர்த்து அதே ஆண்டில் அளந்தது. அங்கேயே பி. விஸ்வநாதன் வேறு வழியில் போனார்: கார்பன் மட்டும் ஹைட்ரஜனைப் பிடிக்காவிட்டால், இடையிடையே போரான், நைட்ரஜன் போன்ற அயல் அணுக்களைப் பதித்துப் பார்க்கலாம் என்றார்.

பெரிய எண்கள் எப்படி விழுந்தன என்பதும் சொல்லப்பட வேண்டும். ஏனென்றால் அதில்தான் அறிவியல் இருக்கிறது.

சிங்கப்பூரின் 20 சதவீதத்தை 2000-இல் ரால்ஃப் யாங் என்ற ஆய்வாளர் மறுபடி செய்து பார்த்தார். லித்தியமும் பொட்டாசியமும் ஈரத்தை விரும்புபவை. ஹைட்ரஜனோடு வந்த துளி ஈரப்பதத்தை அவை உறிஞ்சியிருந்தன. எடை கூடியது உண்மை. கூடியதில் பெரும்பங்கு தண்ணீர். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மிக்கேல் ஹிர்ஷர் குழு 2001-இல் கண்டது இன்னும் சுவையானது. நானோகுழாய்களைப் பிரித்துத் திறக்க அவற்றை அமிலத்தில் போட்டு மீயொலிக் கோலால் பல மணி நேரம் அதிரவைப்பது வழக்கம். அந்தக் கோல் டைட்டானியக் கலப்புலோகத்தால் ஆனது. அதிர்வில் கோல் தேய்ந்து, டைட்டானியத் துணுக்குகள் கரியோடு கலந்துவிட்டன. டைட்டானியம் ஹைட்ரஜனை நன்றாக வாங்கும் உலோகம். இத்தனை ஆண்டுகள் நானோகுழாயின் பெருமை என்று எண்ணியதில் ஒரு பகுதி அந்தக் கோலின் தேய்மானம். 67 சதவீதத்தை யாராலும் திரும்பச் செய்ய முடியவில்லை.

ஏன் பிடிக்கவில்லை என்பதற்குக் காரணமும் தெளிவாகிவிட்டது. ஹைட்ரஜன் மூலக்கூறு கார்பன் பரப்பில் மிக மெல்லிய ஈர்ப்பால் ஒட்டுகிறது. ஒரு மோலுக்கு 4 அல்லது 5 கிலோஜூல். அறை வெப்பத்தின் துள்ளலே அதை உதறிவிடப் போதும். அறை வெப்பத்தில் ஒட்டியும் இருக்க வேண்டும், கேட்டபோது கழன்றும் வர வேண்டும் என்றால் ஏறத்தாழ 15 கிலோஜூல் வேண்டும் என்று 2006-இல் ஆய்வாளர்கள் பாட்டியாவும் மையர்ஸும் கணக்கிட்டார்கள். ஈர்ப்பை விடுத்து வேதிப் பிணைப்பாகவே பிடித்தால், விடுவிக்க நூற்றுக்கணக்கான டிகிரி சூடு வேண்டும். ஐந்துக்கும் வேதிப் பிணைப்புக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குறுகிய இடத்தில் தூய கார்பன் நிற்க மறுக்கிறது.

திரவ நைட்ரஜன் அளவுக்குக் குளிர்வித்தால் கார்பன் ஹைட்ரஜனை ஓரளவு பிடிக்கும். ஆனால் அங்கேயும் குழாய் வடிவத்துக்குத் தனிச் சிறப்பு இல்லை. ஒரு கிராமுக்கு எத்தனை சதுர மீட்டர் பரப்பு இருக்கிறது என்பதே கணக்கு. ஒவ்வொரு 500 சதுர மீட்டருக்கும் சுமார் ஒரு சதவீதம். பரப்பு வேண்டுமென்றால் தேங்காய்ச் சிரட்டைக் கரியிலேயே இருக்கிறது! நூறு ஆண்டுகளுக்கு முன்பே வேதியியலாளர் ஜேம்ஸ் டூவர் தேங்காய்ச் சிரட்டைக் கரியைக் குளிரவைத்து வாயுக்களை உறிஞ்சவைத்தார். காங்கேயத்தில் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, அதைக் கிளர்வூட்டி ஏற்றுமதி செய்கிறார்களே, அந்தச் சரக்கு இந்த ஒரு வேலையில் நானோகுழாயோடு தோளோடு தோள் நிற்கும். அமெரிக்க எரிசக்தித் துறை 2006 இலையுதிர் காலத்தில் முடிவெடுத்தது: கார்களில் ஹைட்ரஜன் சேமிக்க, வேறு எதுவும் கலவாத ஒற்றைச் சுவர் நானோகுழாய் ஆய்வுக்கு இனிப் பணம் இல்லை.

அதே 2006, நவம்பர் மாதம். அதே 'நேச்சர்' இதழ். ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் பாஃப்லர் குழு, 17-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றின் துணுக்கை அமிலத்தில் கரைத்து, மிஞ்சியதை நுண்ணோக்கியில் பார்த்தது. பாரசீகக் கொல்லர் அசத் உல்லா செய்ததாகக் கருதப்படும் வாள் அது. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகத்தில் இருப்பது. எஃகுக்குள் கார்பன் நானோகுழாய்கள் இருந்தன. சிலவற்றின் உள்ளே இரும்புக் கார்பைடு நூல்களும் இருந்தன.

இத்தகைய வாள்களுக்கான எஃகுக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்து மேற்கே போயின. தமிழ்நாட்டில் கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் உருக்கு உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. மைசூர் நாட்டில் இந்தத் தொழிலைக் கண்ணால் பார்த்து எழுதியவர் பிரான்சிஸ் புக்கானன். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மடிந்த மறு ஆண்டு, புதிதாகக் கைப்பற்றிய நாட்டில் என்னென்ன விளைகிறது, என்னென்ன செய்கிறார்கள் என்று அறிந்துவர ஆங்கிலேயக் கம்பெனி அவரை அனுப்பியது. மதுகிரிப் பக்கம் சின்னராயதுர்க்கத்தில் அவர் எஃகு உலைகளைப் பார்த்தார். சுடாத களிமண்ணால் செய்த சிறு மூசைகள். ஒவ்வொன்றிலும் எடைபோட்ட ஓர் இரும்புத் துண்டு. அதோடு ஆவாரங்குச்சித் துண்டுகள், மேலே பச்சை இலைகள். வாயைக் களிமண்ணால் அடைத்து, மூசைகளைக் கரியில் அடுக்கி, துருத்தி ஊதுவார்கள். ஆவாரங்குச்சியும் இலையும் தீய்ந்து கரியாகி இரும்புக்குள் இறங்கும். ஆறியபின் மூசையை உடைத்தால் எஃகுக் கட்டி.

அந்த எஃகு வாளுக்கு மட்டும் போகவில்லை. கல் தச்சர்களின் உளிக்குப் போயிற்று. பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே இருக்கும் சென்னபட்டணத்தில், அதை இழுத்து வீணை போன்ற இசைக்கருவிகளுக்குத் தந்தி செய்தார்கள். அந்தத் தந்தி தொலைதூர ஊர்களுக்கெல்லாம் போயிற்று என்று புக்கானன் எழுதியிருக்கிறார். இன்று சென்னபட்டணம் என்றால் அரக்கு பூசிய மரப் பொம்மைகள். தந்தி போன சுவடே சாலையில் இல்லை.

இரும்பு, தாவரத்திலிருந்து வந்த கார்பன், தாதுவில் வனேடியம்போல ஒட்டிவந்த அயல் உலோகங்கள், மீண்டும் மீண்டும் சூடேற்றி அடித்தல். இவை சேர்ந்தே குழாய்கள் உருவாகியிருக்க வேண்டும் என்பது பாஃப்லர் குழுவின் கருத்து. ஜக்கூர் உலையில் ஃபெரோசீனிலிருந்து பிரிந்த இரும்புத் துகள் செய்த வேலையோடு இதை வைத்துப் பாருங்கள். அந்தக் கருத்து சரியென்றால், இரண்டு இடங்களிலும் இரும்பும் கரியும் நெருப்பில் சேர்ந்துதான் குழாய் பிறந்தது. 2020-இல் வேலூர் விஐடி ஆய்வாளர்கள், கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சிலும் நானோகுழாய்கள் இருப்பதைக் காட்டினார்கள்.

இந்தச் செய்திகள் வந்தபோது, நம் முன்னோருக்கு நானோ தொழில்நுட்பம் தெரிந்திருந்தது என்று மேடைதோறும் பேசினோம். அந்தப் பேச்சில் எனக்கு ஒப்புதல் இல்லை. சின்னராயதுர்க்கத்துக் கொல்லருக்கு நானோகுழாய் தெரியாது. அவருக்குத் தெரிந்தது இன்ன எடை இரும்புக்கு இவ்வளவு ஆவாரங்குச்சி என்பது. அந்த அளவு தப்பினால் கட்டி நொறுங்கும் என்பதும் தெரியும். அந்த அளவறிவுதான் அவருடைய பெருமை. 1990-களில் உயர்ந்த கருவிகள் இருந்தும் சில ஆய்வகங்கள் நழுவவிட்டது அதைத்தான்: எடை கூடியது எதனால் என்று சரிபார்க்கும் பழக்கம். 2003-இல் பெங்களூரும் சென்னையும் சேர்ந்து மெனக்கெட்டதும் அதற்காகத்தான். முன்னோர் பெருமை பேச விரும்பினால், அவர்களுடைய மூசையின் எடைக்கணக்கைப் பேசலாம்.

இன்று நானோகுழாய் எங்கே இருக்கிறது? விலை சரிந்துவிட்டது, பல சுவர்க் குழாய்கள் டன் கணக்கில் உற்பத்தியாகின்றன. பெரும்பகுதி லித்தியம் பேட்டரிகளுக்குள் போகிறது. மின்வாயின் துகள்களுக்கிடையே மின்சாரம் தடையின்றி ஓட, மிகச் சிறிய அளவு நானோகுழாய் போதும். ஹைட்ரஜன் காருக்குப் போட்டியாக வந்த மின்சாரக் காருக்கு அது உதவுகிறது. 2019-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் 14,000-க்கும் மேற்பட்ட நானோகுழாய் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு ஒரு கணினிச் செயலி செய்து ஓட்டினார்கள். சுருட்டிய கோணத்தால் வரும் அந்தக் குறைக்கடத்திக் குணம் அங்கே பயன்பட்டது. ஆய்வகங்களில் வேலை செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: நீண்ட, விறைப்பான நானோகுழாய்கள் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பெஸ்டாஸ் இழையைப்போல நடந்துகொள்ளக்கூடும். அவற்றில் ஒரு வகையை 2014-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற பட்டியலில் சேர்த்தது.

ஹைட்ரஜன் எங்கே இருக்கிறது? 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. 2024 பிப்ரவரியில் பிரதமர் தூத்துக்குடியிலிருந்து, கொச்சிக் கப்பல் கட்டும் தளம் கட்டிய எரிபொருள் கலப் படகைத் தொடங்கிவைத்தார். 2025-இல் சென்னை ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயில் எஞ்சின் பெட்டி சோதித்துப் பார்க்கப்பட்டது. படகு, ரயில், கார் எதிலும் ஹைட்ரஜன் அழுத்தப்பட்ட வாயுவாகவே போகிறது. எஃகுச் சுவருக்குள் ஹைட்ரஜன் அணுக்கள் புகுந்து அதை மெல்ல நொறுங்கச் செய்யும், எஃகு கனமும்கூட. அதனால்தான் பிளாஸ்டிக் உறையும் கார்பன் இழையும். மிராயின் கலம் தன் எடையில் 6 சதவீதத்தை ஒட்டி ஹைட்ரஜனைச் சுமக்கிறது. நானோகுழாயிடம் அன்று எதிர்பார்த்த எண்ணை ஏறக்குறைய எட்டிவிட்டது! ஆனால் 700 மடங்கு அழுத்தமும், அழுத்துவதற்கு ஹைட்ரஜனின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் கொடுத்து வாங்கிய எண்.

அந்தக் காரில் கார்பன் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. எரிபொருள் கலத்தில் பிளாட்டினத் துகள்களைத் தாங்கி நிற்பது கார்பன் பொடி. வாயு பரவும் தாள் கார்பன் இழை. சென்னையில் ஸ்பிக் அறக்கட்டளையில் தொடங்கிய வேலை, பிறகு ஏஆர்சிஐ என்ற ஆய்வு நிறுவனத்தின் எரிபொருள் கல மையமாக அங்கேயே வளர்ந்தது.

15 கிலோஜூல் தேடலும் நிற்கவில்லை. குழாயின் மேல் டைட்டானிய அணுக்களைப் பதித்தால் 8 சதவீதம் வரை ஏற்கும் என்று 2005-இல் ஆய்வாளர்கள் யில்திரிமும் சிராசியும் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள். அன்று கோலிலிருந்து தேய்ந்து விழுந்து ஏமாற்றிய அதே டைட்டானியத்தை, இம்முறை வேண்டுமென்றே வைக்கும் யோசனை. கணக்கில் அணுக்கள் தனித்தனியே நிற்கின்றன. உலையில் ஒன்றோடொன்று திரண்டுவிடுகின்றன. உலோகக் கணுக்களையும் கரிமச் சட்டங்களையும் கோத்துச் செய்யும் துளைப்பொருள்கள் இன்னொரு வழி. அதற்காக யாகி, கிடகவா, ராப்சன் மூவருக்கும் 2025-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவையும் பெரிதும் குளிரில்தான் ஹைட்ரஜனைப் பிடிக்கின்றன.

ஹைட்ரஜனை வேறொரு சேர்மத்துக்குள் கட்டிக் கொண்டுபோகும் வழியும் உண்டு. அதற்கும் மைசூர்ப் பக்கம் ஒரு தடம் இருக்கிறது. மைசூரிலிருந்து கிருஷ்ணராஜசாகர் அணைக்குப் போகும் வழியில் பெலகொலா இருக்கிறது. இந்தியாவின் தொடக்க கால அம்மோனியா ஆலைகளுள் ஒன்று 1930-களின் இறுதியில் அங்கே எழுந்தது. மைசூர் சமஸ்தானத்தின் வயல்களுக்கு உரம் செய்வதற்காக. அம்மோனியாவின் எடையில் 17.6 சதவீதம் ஹைட்ரஜன். அறை வெப்பத்தில் பத்து மடங்கு அழுத்தம் இருந்தாலே அது திரவமாகிவிடும். தொட்டியிலும் கப்பலிலும் கொண்டுபோகும் வழக்கம் நூறு ஆண்டாக இருக்கிறது. பசுமை ஹைட்ரஜனைக் கடல் கடந்து அனுப்ப நினைப்பவர்கள் இப்போது அம்மோனியாவாக மாற்றி அனுப்பவே திட்டமிடுகிறார்கள். தூத்துக்குடித் துறைமுகமும் அந்தக் கணக்கில் இருக்கிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் அதை உடைத்து ஹைட்ரஜனைத் திரும்ப எடுக்க வேண்டும். அதற்கு நானூறு, ஐந்நூறு டிகிரி சூடும் நல்ல வினையூக்கியும் தேவை. மிகச் சுறுசுறுப்பாக வேலை செய்பவற்றில் ஒன்று ருத்தீனியம். அதன் நானோ துகள்களை எதன் மேல் பரப்பினால் சிறப்பாக வேலை செய்யும் என்று சீன ஆய்வாளர்கள் பல தாங்கிகளை ஒப்பிட்டு 2004-இல் வெளியிட்டார்கள். அலுமினா, மக்னீசியா எல்லாவற்றையும் முந்தி நின்றது கார்பன் நானோகுழாய்.